சிவப்பு அறிவிப்பு தீர்ப்பு ஆகாது: ஒப்படைப்பு வழக்குகளும் உரிமைப் பாதுகாப்பும்

(புதுதில்லியில் வழக்கறிஞர்களும் தொழிற்சங்க ஊழியர்களும் பங்கேற்ற ஜனநாயக உரிமைக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘இன்டர்போல் தேடும் குற்றவாளி’ என்ற மூன்று சொற்கள் ஒரு மனிதனின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டால் போதும். அவன் மீதான குற்றச்சாட்டு என்ன, சாட்சியம் என்ன, அதைக் கொடுத்த அரசு எப்படிப்பட்ட அரசு என்று எவரும் கேட்பதில்லை. தொலைக்காட்சி தீர்ப்பு எழுதிவிடுகிறது. வங்கி கணக்கை முடக்குகிறது. விமான நிலையத்தில் கைவிலங்கு காத்திருக்கிறது. உலகம் முழுவதும் அரசுகள் தங்களை எதிர்ப்போரை எல்லை கடந்தும் துரத்துவதற்கு இந்த ஏற்பாட்டைப் பயன்படுத்தத் தொடங்கியுள்ள காலத்தில், சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது, அதில் நமக்கு இருக்கும் பாதுகாப்பு என்ன என்பதை உழைக்கும் மக்களின் இயக்கங்கள் அறிந்திருக்க வேண்டும். அதற்காகவே இந்த உரை.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நமது நாளேடுகள் ‘நாடு கடத்தல்’ என்ற ஒரே சொல்லை இரண்டு வேறுபட்ட நடவடிக்கைகளுக்குப் பயன்படுத்துகின்றன. ஒரு நாடு தனக்கு வேண்டாத வெளிநாட்டவரை வெளியேற்றுவது நாடு கடத்தல். அது நிர்வாக உத்தரவு. ஒரு நாடு வழக்கு விசாரணைக்காகவோ தண்டனைக்காகவோ கோரும் நபரை, நீதிமன்ற விசாரணைக்குப் பின் மற்றொரு நாடு அதனிடம் கையளிப்பது ஒப்படைப்பு. இதற்கு ஒப்பந்தம் உண்டு, சட்டம் உண்டு, எதிர்வாதம் செய்யும் உரிமை உண்டு. அரசுகள் பல நேரங்களில் ஒப்படைப்பின் சட்டத் தடைகளைத் தாண்டுவதற்காகவே நாடு கடத்தல் என்ற குறுக்கு வழியைத் தேர்வு செய்கின்றன. எனவே இந்த வேறுபாட்டில் ஒருவரது உயிரே அடங்கியிருக்கக்கூடும்.

அறிவிப்பு என்றால் என்ன?

இன்டர்போல் ஒரு சர்வதேசக் காவல்படை அல்ல. அதற்குக் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. 1923இல் வியன்னாவில் தோன்றி, இன்று பிரான்சின் லியோன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு, 196 நாடுகளின் காவல்துறைகளுக்கு இடையே தகவல் பரிமாறும் அமைப்பு அது. ஒரு நாடு கேட்டுக்கொண்டால், ‘இந்த நபர் எங்கிருக்கிறார் எனக் கண்டறிந்து, ஒப்படைப்பு நடவடிக்கைக்காகத் தற்காலிகமாகக் கைது செய்யுங்கள்’ என்று உறுப்பு நாடுகளுக்கு அனுப்பும் வேண்டுகோளே ரெட் கார்னர் நோட்டீஸ் எனப்படும் சிவப்பு அறிவிப்பு. அது பிடியாணை அல்ல, தீர்ப்பும் அல்ல. அதற்கு எவ்வளவு மதிப்பளிப்பது என்பதை ஒவ்வொரு நாடும் தனது சட்டப்படியே முடிவு செய்ய வேண்டும்.

இதைத் தவிர, ‘டிஃப்யூஷன்’ என்று அழைக்கப்படும் சுற்றறிக்கையும் உண்டு. இதை ஒரு நாட்டின் காவல்துறை தான் தேர்வு செய்த நாடுகளுக்கு நேரடியாக அனுப்பலாம். சிவப்பு அறிவிப்புகளில் பெரும்பாலானவை பொதுவெளியில் வெளியிடப்படுவதும் இல்லை. ஆகவே தன் பெயரில் அறிவிப்பு இருப்பது சம்பந்தப்பட்டவருக்கு எல்லையில் நிறுத்தப்படும்போதுதான் தெரியவரும்.

இந்த அமைப்பின் அரசியல் சட்டத்தின் 2ஆவது பிரிவு, மனித உரிமைகளுக்கான உலகப் பிரகடனத்தின் உணர்வோடு செயல்பட வேண்டும் என்கிறது. 3ஆவது பிரிவு அரசியல், இராணுவ, மத, இனத் தன்மை கொண்ட எந்த நடவடிக்கையிலும் தலையிடுவதைக் கண்டிப்பாகத் தடை செய்கிறது. இவை 1956இல் எழுதப்பட்டவை. இவற்றுக்கு முன் ஒரு வரலாறு இருக்கிறது. 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது இந்த அமைப்பும் நாஜிகளின் கைக்குப் போனது, எஸ்.எஸ். படையின் ஹெய்ட்ரிச் அதன் தலைவராக இருந்தார். 1942இல் அலுவலகமே பெர்லினுக்கு மாற்றப்பட்டது. காவல்துறைகளின் தகவல் பெட்டகம் பாசிசத்தின் கையில் சிக்கினால் என்னவாகும் என்ற அச்சம் கற்பனையானதல்ல.

எழுத்தில் உள்ள தடை நடைமுறையில் தளர்ந்திருக்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஓரிரு ஆயிரமாக இருந்த சிவப்பு அறிவிப்புகள், 2018ஆம் ஆண்டில் 13,500ஐத் தாண்டின. இணையவழியில் விண்ணப்பிப்பது எளிதானது; பரிசீலனை அதே வேகத்தில் வளரவில்லை. 2021இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் உள்துறை உயர் அதிகாரி ஒருவர், அவர்மீது சித்திரவதைப் புகார்கள் நிலுவையில் இருந்த நிலையிலேயே, இன்டர்போலின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமைப்பின் சூழல் எத்தகையது என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

யார் துரத்தப்படுகிறார்கள்?

ஹக்கீம் அல்-அரைபி பஹ்ரைனைச் சேர்ந்த கால்பந்து வீரர். அங்கு ஒரு காவல் நிலையத்தைத் தாக்கியதாக, அவர் இல்லாமலேயே நடந்த விசாரணையில் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தாக்குதல் நடந்ததாகச் சொல்லப்பட்ட நேரத்தில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஆட்டத்தில் தான் விளையாடிக்கொண்டிருந்ததாக அவர் கூறினார். ஆஸ்திரேலியா அவரை அகதியாக ஏற்றுக்கொண்டது. 2018 நவம்பரில் தேனிலவுக்காக பாங்காக் சென்று இறங்கியபோது, பஹ்ரைன் கோரிய சிவப்பு அறிவிப்பின்பேரில் கைது செய்யப்பட்டார். அகதி மீது, அவர் எந்த நாட்டிடமிருந்து தப்பி வந்தாரோ அந்த நாடே அறிவிப்பு கோரக் கூடாது என்பது இன்டர்போலின் விதி. அறிவிப்பு சில நாட்களிலேயே நீக்கப்பட்டது. ஆயினும் அவர் வெளியே வர 76 நாட்கள் ஆயின. நீதிமன்றத்துக்குக் கால்விலங்கோடு அழைத்து வரப்பட்ட அவரை மீட்டது உலகெங்கும் விளையாட்டு வீரர்களும் மனித உரிமை அமைப்புகளும் நடத்திய இயக்கம்.

இராணுவ ஆட்சிக்குப் பின் துருக்கிச் சிறையில் வாடி, ஜெர்மனியில் தஞ்சம் புகுந்து, அந்நாட்டுக் குடிமகனாகவே ஆகிவிட்ட இடதுசாரி எழுத்தாளர் டோகன் அகான்லி, 2017 ஆகஸ்டில் ஸ்பெயினின் கிரனாடா நகரில் விடுமுறையில் இருந்தபோது துருக்கியின் அறிவிப்பால் பிடிக்கப்பட்டார். ஸ்பெயின் அரசு ஒப்படைக்க மறுக்கும் வரை சுமார் இரண்டு மாதங்கள் அவரால் நாடு திரும்ப முடியவில்லை. மாஸ்கோ அருகே கிம்கி காட்டை அழித்து நெடுஞ்சாலை போடுவதை எதிர்த்த போராட்டத்தில் பங்கேற்ற ரஷ்ய பாசிச எதிர்ப்புப் போராளி பெத்ர் சிலாயெவ், ஃபின்லாந்தில் அகதியாக இருந்தும் 2012இல் அதே கிரனாடாவில் கைதானார். மேற்கு பப்புவா மக்களின் விடுதலைக்காகக் குரல் கொடுக்கும் பென்னி வெண்டா மீது இந்தோனேசியா பெற்றிருந்த சிவப்பு அறிவிப்பு 2012இல் நீக்கப்பட்டது. திமிங்கில வேட்டையை எதிர்த்த பால் வாட்சன், ஜப்பான் பெற்ற பழைய அறிவிப்பின் காரணமாக 2024 ஜூலையில் கிரீன்லாந்தில் கைது செய்யப்பட்டு ஐந்து மாதங்கள் சிறையிருந்தார். இறுதியில் டென்மார்க் ஒப்படைக்க மறுத்தது.

இவர்கள் அனைவரும் இறுதியில் விடுவிக்கப்பட்டவர்கள்தானே என்று சிலர் கேட்கலாம். சிறையில் கழிந்த நாட்களை யார் திருப்பித் தருவது? பயணம் செய்ய முடியாமல், கூட்டங்களில் பேச முடியாமல் முடக்கப்படுவதே அந்த அரசுகளின் நோக்கம். வழக்கு தோற்றாலும் நோக்கம் நிறைவேறிவிடுகிறது. பெயரும் வழக்கறிஞரும் ஆதரவு இயக்கமும் இருந்தவர்களின் கதையே நமக்குத் தெரிகிறது. இவை எதுவும் இல்லாதவர்கள் ஓசையின்றிக் கையளிக்கப்பட்டு விடுகிறார்கள்.

மறுபக்கத்தையும் பாருங்கள். காசாவில் நடத்திய போர்க்குற்றங்களுக்காக நெதன்யாகு மீது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2024 நவம்பரில் பிடியாணை பிறப்பித்தது. இது காவல்துறையின் வேண்டுகோள் அல்ல, நீதிபதிகளின் ஆணை. 2025 ஏப்ரலில் அவர் ஹங்கேரிக்குச் சென்றபோது, அந்த நீதிமன்றத்தின் உறுப்பு நாடாக இருந்தும் ஹங்கேரி அவருக்கு அணிவகுப்பு மரியாதை அளித்தது. கால்பந்து வீரனுக்குக் கால்விலங்கு. போர்க்குற்றவாளிக்குச் சிவப்புக் கம்பளம். ஏகாதிபத்திய உலகின் சட்ட ஒழுங்கு இதுதான்.

தஞ்சம் அளிக்கும் மரபு

அரசியல் குற்றத்துக்காக எவரையும் ஒப்படைக்கக் கூடாது என்ற கொள்கை தானமாகக் கிடைத்ததல்ல. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்தைய எழுச்சிகளின் விளைவு அது. 1830 புரட்சியில் பிறந்த பெல்ஜியம் 1833இல் இதைச் சட்டமாக்கியது. பாரிசிலிருந்தும் பிரஸ்ஸல்ஸிலிருந்தும் வெளியேற்றப்பட்ட மார்க்ஸ் லண்டனில் வாழ்ந்து பணியாற்ற முடிந்ததும் அக்கால அரசியல் தஞ்ச மரபால்தான். தமிழர்களுக்கு இது தொலைவான செய்தி அல்ல. 1908இல் ‘இந்தியா’ இதழின் மீது பிரிட்டிஷ் அரசு பாய்ந்தபோது பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். பத்தாண்டுகள் பிரிட்டிஷ் உளவாளிகள் சூழ்ந்திருந்தும் அவரைக் கைது செய்ய முடியவில்லை. 1918 நவம்பரில் எல்லையைக் கடந்தவுடன் கைது செய்தார்கள். அந்த எல்லைக்கோடு இல்லாதிருந்தால் அந்தப் பத்தாண்டுகள் சிறையில் கழிந்திருக்கும்.

அன்று வளர்ந்த முதலாளித்துவம் ஏற்றுக்கொண்ட இந்தப் பாதுகாப்பை இன்றைய முதலாளித்துவம் படிப்படியாகக் கழற்றி வருகிறது. பிரிட்டனும் அமெரிக்காவும் 2003இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அரசியல் குற்றத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் பிரிட்டனின் 2003ஆம் ஆண்டு உள்நாட்டுச் சட்டத்தில் அந்த விலக்கு இல்லை. ஜூலியன் அசாஞ்சேயின் வழக்கில் இந்த இடைவெளியே பெரும் சட்டப் போராட்டமாயிற்று. இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் நடந்தவற்றை வெளிக்கொணர்ந்த அவர் பெல்மார்ஷ் சிறையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். 2021 ஜனவரியில் கீழமை நீதிமன்றம் ஒப்படைக்க மறுத்தது, பத்திரிகைச் சுதந்திரத்தைக் காரணம் காட்டியல்ல. அவரது மனநலத்தையும் அமெரிக்கச் சிறை நிலைமையையும் காரணம் காட்டியே. அதுவும் மேல்முறையீட்டில் கவிழ்ந்தது. 2024 ஜூனில் அவர் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகே விடுதலையானார்.

இந்தியச் சட்டம் தரும் பாதுகாப்பு

நமது நாட்டில் இவ்விஷயத்தை ஆள்வது 1962ஆம் ஆண்டின் ஒப்படைப்புச் சட்டம். இன்டர்போலுடன் தொடர்புகொள்ளும் தேசிய அலுவலகமாக இருப்பது சிபிஐ. ஒருவர் இங்கு கைது செய்யப்பட்டால் எந்தெந்தக் கட்டங்களில் என்னென்ன வாதங்களை முன்வைக்கலாம் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் கட்டம் கைது. சிவப்பு அறிவிப்பு மட்டுமே கைதுக்கான பிடியாணை ஆகாது என்று பவேஷ் ஜெயந்தி லக்கானி வழக்கில் 2009ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நமது சட்டத்தின் கீழ் கைதுக்கான அதிகாரம் இருக்கிறதா என்பதே கேள்வி. அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு குடிமகனுக்கு மட்டுமல்ல, ‘எந்த நபருக்கும்’ பொருந்தும். 22ஆவது பிரிவின்படி காரணம் சொல்லப்பட வேண்டும், வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க அனுமதிக்க வேண்டும், 24 மணி நேரத்தில் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். ஒப்படைப்புச் சட்டத்தின் 34பி பிரிவின்கீழ் தற்காலிகமாகக் கைதான ஒருவரை, 60 நாட்களுக்குள் முறையான கோரிக்கை வராவிட்டால் விடுவித்தாக வேண்டும். காவலில் இருக்கும் எவருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் அதிகாரங்கள் சட்டத்தில் இருக்கிறது. இதை எத்தனை கைதிகளுக்குச் சொல்கிறார்கள்?

இரண்டாவது கட்டம் நடுவரின் விசாரணை. இது குற்றம் நிரூபிக்கப்படும் முழு விசாரணை அல்ல. முதல் பார்வையில் வழக்கு இருக்கிறதா என்று மட்டுமே நடுவர் பார்ப்பார். ஆனாலும் 7ஆவது பிரிவு எதிர்த்தரப்பின் சாட்சியத்தையும் ஏற்கச் சொல்கிறது. குற்றம் அரசியல் தன்மை கொண்டது என்பதை இங்கு நிறுவலாம். சொல்லப்படும் செயல் ஒப்படைப்புக்குரிய குற்றமே அல்ல என்றும் காட்டலாம். முதல் பார்வையில் வழக்கு இல்லை எனில் நடுவர் விடுவிக்க வேண்டும்.

மூன்றாவது கட்டம் ஒன்றிய அரசின் முடிவு. நடுவர் ஒப்படைக்கலாம் என அறிக்கை தந்தாலும் அரசு கட்டுப்பட்டதல்ல. 29ஆவது பிரிவின்படி வழக்கு அற்பமானது, கோரிக்கை நல்லெண்ணத்தோடு செய்யப்படவில்லை, அரசியல் காரணங்களுக்காகச் செய்யப்பட்டது, நீதியின் நலனுக்கு உகந்ததல்ல என்று தோன்றினால் விடுவிக்கலாம். 31ஆவது பிரிவு அரசியல் குற்றத்துக்கும் காலவரம்பு கடந்த குற்றத்துக்கும் ஒப்படைப்பைத் தடை செய்கிறது. எந்தக் குற்றத்துக்காக ஒப்படைக்கப்படுகிறாரோ அதற்கு மட்டுமே விசாரிக்க வேண்டும் என்ற விதியும் அதில் உண்டு. நடுவரின் உத்தரவுக்குப் பின் இரண்டு மாதங்களுக்குள் வெளியே அனுப்பாவிட்டால் உயர்நீதிமன்றத்தை அணுகி விடுதலை கோரலாம்.

ஏட்டில் உள்ள இந்தப் பாதுகாப்பு நடைமுறையில் எவ்வளவு மெலிந்தது என்பதற்கு ஒரு சான்று. பினோசெட்டின் சர்வாதிகாரத்துக்கு அரசியல் சாசனம் வகுத்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவரான ஹைமே குஸ்மான் 1991இல் சிலியில் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் சிலி தேடிய ஒரு பிரெஞ்சுப் பெண்மணி ஜெர்மனியில் கைதானபோது, அங்குள்ள நீதிமன்றம் ஒப்படைக்க மறுத்தது. அதன் பிறகும் அறிவிப்பு உயிரோடு இருந்தது. 2015 பிப்ரவரியில் நேபாள எல்லையில் அவர் பிடிபட்டார். சிலியோடு நமக்கு நடைமுறையில் ஒப்பந்தம் உண்டா என்பதே வழக்காயிற்று. 1897இல் பிரிட்டிஷ் பேரரசு சிலியுடன் செய்துகொண்ட ஒப்பந்தம் இன்றும் இந்தியாவைக் கட்டுப்படுத்தும் என்று 2016இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. காலனி ஆட்சி எழுதிய தாளின் அடிப்படையில் விடுதலை பெற்ற நாடு ஒருவரைச் சிறையில் வைக்க முடிகிறது. இத்தகைய ஒப்பந்தங்களை நாடாளுமன்றம் ஒருமுறையேனும் விவாதித்ததுண்டா?

இன்டர்போலிடமே முறையிடுவது

அறிவிப்பை நீக்கக் கோரி, கோப்புகளைக் கட்டுப்படுத்தும் ஆணையம் என்ற இன்டர்போலின் தனி அமைப்பிடம் முறையிடலாம். கட்டணம் கிடையாது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், அரபி ஆகிய நான்கு மொழிகளில் விண்ணப்பிக்கலாம். தன்னைப் பற்றி என்ன தகவல் இருக்கிறது என்று கேட்கும் மனுவுக்கு நான்கு மாதங்களிலும், நீக்கக் கோரும் மனுவுக்கு ஒன்பது மாதங்களிலும் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. 3ஆவது பிரிவை மீறிய அரசியல் வழக்கு, அகதித் தகுதி பெற்றவர், விசாரணை நியாயமானதல்ல, வெறும் தனிநபர் கொடுக்கல் வாங்கல் தகராறு ஆகியவை வலுவான வாதங்கள். தண்டனை குறைந்தபட்ச வரம்பைத் தொடாத சிறு குற்றங்களுக்கும் அறிவிப்பு தரக் கூடாது. குறைகளும் உண்டு: ஆணையத்தின் முடிவுக்கு மேல்முறையீடு இல்லை, புதிய உண்மைகள் கிடைத்தால் மட்டுமே மறுபரிசீலனை. இழப்பீடும் இல்லை. லியோனில் அழிக்கப்பட்ட பெயர் ஏதோ ஒரு நாட்டின் குடிவரவுக் கணினியில் ஆண்டுக்கணக்கில் நீடிக்கலாம்.

இதில் வளைகுடா நாடுகளில் உழைக்கும் நம் தொழிலாளர்களுக்கும் சம்பந்தம் உண்டு. வேலையிழந்து, கடன் தவணை கட்ட முடியாமல், பணமில்லாமல் திரும்பிய காசோலைக்காக வழக்குக்கு உள்ளானவர்கள் ஏராளம். ஐக்கிய அரபு அமீரகம் 2022 முதல் பெரும்பாலான காசோலை வழக்குகளைக் குற்றவியல் வரம்பிலிருந்து நீக்கியது. அதற்கு முன் 2020 ஜனவரியிலேயே, அந்நாட்டு உரிமையியல் நீதிமன்றங்களின் தீர்ப்புகளை இந்தியாவில் நேரடியாக நிறைவேற்றலாம் என்று மோடி அரசு அறிவித்துவிட்டது. அங்குள்ள வங்கி இங்குள்ள தொழிலாளியின் வீட்டைத் தொடலாம். அங்குள்ள முதலாளி தராமல் ஏமாற்றிய கூலியை இந்தத் தொழிலாளி வசூலிக்க எந்த ஏற்பாடும் இல்லை. நாடு திரும்பும் முன் தன்மீது வழக்கு நிலுவையில் உள்ளதா என்று பார்ப்பது, கடன் தீர்த்ததற்கான சான்றுகளைப் பாதுகாப்பது ஆகிய எளிய விஷயங்களைக்கூட நமது சங்கங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியுள்ளது.

தப்பியோடிய கொள்ளையர்களுக்கும் இந்த உரிமையா?

இந்தக் கேள்வியை நாம் தவிர்க்க முடியாது. வங்கிகளுக்கு ரூ.9,000 கோடி பாக்கி வைத்து, விமான நிறுவன ஊழியர்களுக்குச் சம்பளமும் தராமல் 2016 மார்ச்சில் நாட்டைவிட்டுப் போன விஜய் மல்லையா, இதே மனித உரிமை வாதங்களை லண்டன் நீதிமன்றத்தில் எழுப்பினார். நீரவ் மோடியும் எழுப்பினார். ஒப்படைக்கலாம் என்ற உத்தரவு வந்து ஆண்டுகள் கழிந்தும் மல்லையா இன்னும் லண்டனில்தான். அப்படியானால் இந்தப் பாதுகாப்புகளைக் குறைத்துவிட வேண்டும் என்று நாம் சொல்லலாமா?

சொல்லக் கூடாது. காரணத்தை அந்த வழக்குகளே காட்டுகின்றன. இந்தியச் சிறையின் நிலை மோசம் என்று மல்லையா வாதிட்டபோது, மும்பை ஆர்தர் ரோடு சிறையின் 12ஆம் எண் கட்டடத்தைக் காணொளியாக எடுத்து லண்டன் நீதிபதிக்குக் காட்டியது இந்திய அரசு. ஒரு கோடீஸ்வரருக்காக ஒரு அறை சரிசெய்யப்பட்டது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். நூறு பேருக்கான இடத்தில் 131 பேர். இவர்களுக்காக எந்த நீதிபதி காணொளி கேட்டார்?

2025 பிப்ரவரியில், ஆயுத பேர இடைத்தரகர் சஞ்சய் பண்டாரியை ஒப்படைக்க லண்டன் உயர்நீதிமன்றம் மறுத்தது. திகார் சிறையில் மிரட்டிப் பணம் பறிக்கப்படும், வன்முறைக்கு உள்ளாக்கப்படும் உண்மையான அபாயம் உள்ளது என்பதே காரணம். இன்னும் கசப்பான உதாரணம் புருலியா. 1995 டிசம்பர் 17 இரவு, இடது முன்னணி ஆட்சியிலிருந்த மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில் விமானத்திலிருந்து ஆயுதக் குவியல் வீசப்பட்டது. முக்கியக் குற்றம்சாட்டப்பட்டவரான கிம் டேவி என்ற டென்மார்க் குடிமகன் தப்பிவிட்டார். இந்தியாவில் சித்திரவதை அபாயம் உள்ளது எனக் கூறி 2011இல் டென்மார்க் உயர்நீதிமன்றம் அவரை ஒப்படைக்க மறுத்தது. 2024 ஆகஸ்டிலும் அந்நாட்டு நீதிமன்றம் அதையே சொன்னது. சதியின் முழு உண்மை இன்றுவரை நமது நீதிமன்றத்தில் வெளிவரவில்லை.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபரில் கையெழுத்திட்டது. இன்றுவரை அதை உறுதி செய்யவில்லை. 2010இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா காலாவதியாகிவிட்டது. 2017இல் சட்ட ஆணையம் தனது 273ஆவது அறிக்கையில் வரைவு மசோதாவையே தயாரித்துக் கொடுத்தும் மோடி அரசு அசையவில்லை. காவல் நிலையத்தில் ஏழையை அடிக்கும் உரிமையைக் கைவிட மறுக்கும் அரசு, அதே காரணத்தாலேயே கோடீஸ்வரக் குற்றவாளியை நீதிமன்றத்துக்குக் கொண்டுவர முடியாமல் நிற்கிறது. ஆக, தலித், ஆதிவாசி, இஸ்லாமிய விசாரணைக் கைதியின் உடலைப் பாதுகாக்கும் சட்டம்தான் மல்லையாக்களின் கடைசிச் சாக்கையும் பறிக்கும் சட்டம். இரண்டும் வெவ்வேறு கோரிக்கைகள் அல்ல.

அவசரத்தில் தயாரிக்கப்படும் கோப்புகளும் தோல்வியே தருகின்றன. ஜாகிர் நாயக் மீது இந்தியா கோரிய சிவப்பு அறிவிப்பை 2017 டிசம்பரில் இன்டர்போல் ஏற்க மறுத்தது. கோரிக்கை அனுப்பப்பட்டபோது குற்றப்பத்திரிகையே தாக்கலாகியிருக்கவில்லை என்று தேசியப் புலனாய்வு முகமை பிறகு விளக்கம் தந்தது. மெகுல் சோக்சி மீதான அறிவிப்பும் 2022இல் நீக்கப்பட்டது. அவர் ஆண்டிகுவாவிலிருந்து கடத்தப்பட்டதாகச் சொன்னதை அந்த ஆணையம் நம்பத்தக்கதாகக் கருதியது. 2025 ஏப்ரலில் பெல்ஜியத்தில் அவர் கைதானது முறையான ஒப்படைப்புக் கோரிக்கையின் வழியே. குறுக்கு வழி தோற்றது; சட்ட வழி நகர்ந்தது.

கடைசியாக, போபாலை நினைவுகூராமல் இந்தப் பேச்சு முழுமை பெறாது. 1984 டிசம்பரில் ஆயிரக்கணக்கான உயிர்களைப் பறித்த யூனியன் கார்பைடின் தலைவர் வாரன் ஆண்டர்சன், கைதான அன்றே பிணை பெற்று அரசு விமானத்தில் போபாலிலிருந்து அனுப்பி வைக்கப்பட்டார். 1992இல் தலைமறைவுக் குற்றவாளி என நீதிமன்றம் அறிவித்தது. இந்திய அரசு அமெரிக்காவிடம் முறைப்படி ஒப்படைக்கக் கோரியது 2003இல். 2004இல் அமெரிக்கா மறுத்தது. 2014இல் அவர் தன் நாட்டிலேயே இயற்கையாக மரணமடைந்தார். அவரை மனித உரிமை வாதம் காப்பாற்றவில்லை. அமெரிக்க மூலதனத்தின் பலமும் நமது ஆட்சியாளர்களின் தயக்கமுமே காப்பாற்றின.

நாம் கோர வேண்டியவை

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையை உடனே உறுதி செய்து, சட்டம் இயற்ற வேண்டும். சிபிஐ மூலம் இந்தியா ஆண்டுதோறும் கோரும் அறிவிப்புகள் எத்தனை, எந்தச் சட்டப் பிரிவுகளின் கீழ், எத்தனை நிராகரிக்கப்பட்டன என்ற விவரம் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். ஒரு நீதிபதியின் முன் அனுமதியின்றி எந்த அறிவிப்பும் கோரப்படக் கூடாது. காலனிக் கால ஒப்பந்தங்கள் மறுபரிசீலனை செய்யப்பட வேண்டும். அகதிகளைப் பாதுகாக்கும் சட்டம் வேண்டும். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா இன்னும் இணையவில்லை. உள்நாட்டில் இதன் தம்பியாக இருக்கும் ‘லுக் அவுட்’ சுற்றறிக்கையும் கட்டுப்படுத்தப்பட வேண்டும். ஆதிவாசிகளின் நில உரிமை குறித்துப் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் பேசப் புறப்பட்ட சுற்றுச்சூழல் ஊழியர் ஒருவர் 2015 ஜனவரியில் தில்லி விமான நிலையத்தில் தடுக்கப்பட்டதையும், மாற்றுக் கருத்து கொண்டிருப்பது குற்றமல்ல என்று கூறி உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்ததையும் மறக்க வேண்டாம்.

வழக்கறிஞர் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வழக்குகள் பெரும்பாலும் தில்லி பாட்டியாலா ஹவுஸ் நீதிமன்றத்தில் நடப்பதால் மாநிலங்களில் இச்சட்டத்தைப் படித்தவர்கள் குறைவு. ஆனால் கைது எந்த மாநில விமான நிலையத்திலும் நடக்கும். முதல் 24 மணி நேரத்தில் சரியான கேள்வியை எழுப்பக்கூடிய ஒரு வழக்கறிஞராவது ஒவ்வொரு நகரத்திலும் இருக்க வேண்டும். ‘பிடியாணை எங்கே? எந்தச் சட்டப் பிரிவு? முறையான கோரிக்கை வந்துவிட்டதா?’ இந்த மூன்று கேள்விகளே பல நேரங்களில் போதுமானவை. அல்-அரைபிக்காக உலகமே குரல் கொடுத்தது. குரலற்ற ஒரு அகதிக்காக, கடனில் சிக்கிய ஒரு தொழிலாளிக்காக அந்தக் கேள்விகளைக் கேட்பது நமது பொறுப்பு.